எட்வினின் மோதிர விரல்

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். மருமகள் ஹாலில் உட்கார்ந்து நகத்துக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். நான் பக்கத்தில் இருந்து பார்க்க நகத்துக்குப் பாலீஷ் போட்டுக்கொண்ட முதல் ஆள் ஓர் ஆண்பிள்ளை. அதுவும் பெரிய மீசைக்காரன்.

எட்வின் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. இடது கை நகங்களை ஒட்ட வெட்டிவிடுவான். வலது கையில் வளர்ப்பான், உடையாமல் இருக்க நிறமில்லாத பாலீஷ் பூசுவான். கிளாசிக்கல் கிட்டார் வாசிப்பவனுக்கு நகம்தான் எல்லாம் என்பதை ஆபீசில் யாருக்குப் புரியவைப்பது? "ஒரு கைக்கு மட்டுந்தான் கல்யாணமா எட்வினு?" என்று ஹெட் கிளார்க் கேட்பாராம்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே மெல்லிசைக் குழுவில் இருந்தோம். எனக்குப் பகலில் திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. முகூர்த்த நாளில் டோலக். எண்பதுகளில் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருந்த கல்யாண மண்டபங்களில் நாங்கள் ஏறாத மேடை குறைவு. சினிமாப் பாட்டுக்குக் கூடவே கிட்டாரில் நாலு கார்டு அடித்தால் போதும், அதற்கு எட்வின் தேவையே இல்லை. அவன் வீட்டில் இன்னொரு கிட்டார் இருந்தது, நைலான் தந்தி போட்டது. அதை மேடைக்குக் கொண்டுவர மாட்டான். காலையில் டூட்டிக்கு முன்னால் இடது காலைச் சின்ன முக்காலியில் வைத்துக்கொண்டு ஸ்பெயின்காரர்கள் எழுதியதை வாசிப்பான். எனக்கு ஒன்றும் புரியாது. அவன் மனைவி ஸ்டெல்லா போடும் காப்பிக்காகத்தான் உட்கார்ந்திருப்பேன்.

காப்பி என்றதும் பஸ் பயணங்கள் ஞாபகம் வருகின்றன. ஒருமுறை பிரம்மதேசம் கிராமத்தில் கல்யாணம் முடிந்து, காப்பிகூடக் குடிக்காமல் காலையில் திரும்பினோம். வழியில் பஸ் பஞ்சர். பக்கத்துக் கொல்லைக்காட்டில் பெண்கள் மல்லாட்டை, வேர்க்கடலைதான், பிடுங்கிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார்கள். எட்வின் இறங்கிப்போய் வரப்பில் உட்கார்ந்தவன், பஸ் கிளம்பியும் எழுந்திருக்கவில்லை. நானும் இறங்க வேண்டியதாகிவிட்டது. முன்னால் நின்று பாடியவர் கன்னியம்மா. எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருப்பா நீங்க? கணக்கெடுக்க வந்தீங்களா?"

"இல்லீங்கக்கா. பாட்டு கேட்டுகினு இருந்தேன்."

"கேட்டுகினே ரெண்டு செடி புடுங்கறது?"

பிடுங்கினோம். எட்வின் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இடது கையாலேயே பிடுங்கினான். பெண்களுக்கு ஒரே சிரிப்பு.

அதன் பிறகு வார லீவு கிடைத்தால் அங்கேதான். கன்னியம்மாவின் ஒரு பாட்டு அவனைப் பிடித்துக்கொண்டது. தூரத்தில் வாழ்க்கைப்பட்ட பெண் வயலில் களை எடுத்துக்கொண்டே, தம்பி வண்டி கட்டிக்கொண்டு வருவான் என்று பாதையைப் பார்க்கிறாள். வண்டி வருகிறது. வேறு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. அவ்வளவுதான் பாட்டு. அதைக் கிட்டாருக்குக் கொண்டுவர அவனுக்கு ஒரு வருஷம் பிடித்தது. கூட்டமாகப் பாடுகிறவர்களைக் கட்டை விரலில் வைத்தான், கன்னியம்மாவை மற்ற மூன்று விரல்களிலும்; சுண்டு விரலுக்குக் கிட்டாரில் வேலை இல்லை. அதை வாசித்துக் காட்டிய அன்றைக்குத்தான் அந்தக் கிட்டார் எனக்குப் புரிந்தது.

பாண்டிச்சேரி ரேடியோவில் அதை வாசிக்க எட்வினுக்கு அழைப்பு வந்தது. "என் பாட்டு போவுது, நான் போவ வேணாமா?" என்றார் கன்னியம்மா. அவரையும் என்னையும் கூட்டிப்போவதாகச் சொன்னான்.

அதற்குள் அவனுடைய வலது கை மோதிர விரல் மடங்க ஆரம்பித்துவிட்டது. கிட்டாரைத் தொட்டால் மட்டும் உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்ளும். சோறு பிசைய, பேனா பிடிக்க ஒரு தொந்தரவும் கிடையாது. டாக்டர் நரம்புக்கு ஊசி போட்டார். நான் கடையிலிருந்து சத்து மாத்திரை கொண்டுபோனேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஸ்டெல்லா, பக்கத்து வீட்டுக்காரம்மாவோடு அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கிவந்தாள். "ரெண்டு பக்கமும் சொல்லி வெச்சிட்டேன்" என்றாள். இன்றைக்கு இந்த விரல் கோளாறுக்கு ஒரு பெயர் இருக்கிறதாம், ஓயாமல் வாசிக்கிறவர்களுக்கு வருமாம். என் மகன் போனில் பார்த்துச் சொன்னான். எட்வினோ விரலுக்குச் சோம்பேறித்தனம் என்று இன்னும் அதிகமாக வாசித்தான்.

ரேடியோ நிலையத்தில் பாட்டு பாதிகூடப் போகவில்லை, விரல் சுருண்டது. அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். "நிதானமா வாசிங்க, அவசரமில்ல" என்றார். மறுபடியும் அதே இடம். அப்புறமும் அதே இடம். எட்வின் எழுந்து, "போதும் சார், மன்னிச்சிக்குங்க" என்று கிட்டாரைப் பெட்டியில் வைத்தான்.

வெளியே கன்னியம்மா புதுப்புடவையில் உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிதுக்கா" என்றான்.

திரும்பும் பஸ்ஸில் கிளியனூர் தாண்டும்வரை அவர்தான் பேசிக்கொண்டுவந்தார்.

பாட்டு ரேடியோவில் வரப்போகிறது என்று அந்த அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பஞ்சாயத்து ரேடியோ முன்னால் தினம் சாயந்திரம் பெண்கள் உட்கார்ந்து செய்தி, விவசாயம், உர விளம்பரம் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்த வழி பஸ் கண்டக்டர் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். எட்வின் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை, "நீயும் வா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு நைலான் கிட்டாரோடு கொல்லைக்குப் போனான்.

"அது வராதுக்கா. அன்னிக்கு என்னால வாசிக்க முடியல" என்றான்.

கன்னியம்மா மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவைத்தார்.

"அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? நாங்க பேஜாரு புடிச்சி உக்காந்துகினு கெடந்தோம்" என்றார். பிறகு, "சரி, எடுத்தாந்த இல்ல, வாசி."

வரப்பில் உட்கார்ந்து வாசித்தான். அதே இடத்தில் விரல் மடங்கியது. அவன் நிறுத்தினான். பெண்கள் நிறுத்தவில்லை, அடுத்த அடியைப் பாடிக்கொண்டு போனார்கள். கொஞ்ச தூரம் போனதும் கட்டை விரலால் மெல்ல வந்து சேர்ந்துகொண்டான். மடங்கினபோதெல்லாம் அப்படித்தான். முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கேப்பைக் கூழ் கொடுத்தார்கள், குடித்துவிட்டு பஸ் ஏறினோம். அவன் வாசித்து நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அடுத்த வருஷம் மதுரைப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். மெல்லிசைக் குழுவும் கலைந்தது. கன்னியம்மா எப்போது காலமானார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கொல்லை இப்போது மனைப்பிரிவு, வண்ணக் கல் நட்டிருக்கிறார்கள். எட்வின் இறந்து சில வருஷங்கள் ஆகின்றன.

ஸ்டெல்லா போன மாதம் பேரனைப் பார்க்க விழுப்புரம் வந்தவள் என்னையும் பார்க்க வந்தாள். போகும்போது, "அந்தப் பாட்டு ஞாபகம் இருக்குதாண்ணா? ஒருவாட்டி பாடிக் காட்டுங்களேன்" என்றாள். டோலக் வாசிப்பவனுக்கு மெட்டு எங்கே நிற்கும்? எனக்குத் தெரிந்த அதன் தாளத்தை மேஜைமேல் தட்டிக் காட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி, போதும்ணா" என்றாள்.