சோற்றுக்கைக்கு ஓர் உறை

பக்கவாதத்தில் விழுந்த கையை எழுப்ப நாங்கள் கொடுக்கும் பயிற்சி கொஞ்சம் முரட்டுத்தனமானது. நன்றாக இருக்கும் கைக்குத் தடித்த உறை ஒன்றை மாட்டி, மணிக்கட்டில் பட்டை போட்டு இறுக்கிவிடுவோம். எந்தக் கைக்கும் பொருந்துகிற உறை அது. அதன் பிறகு தண்ணீர் குடிப்பதென்றாலும், மூக்கைச் சொறிவதென்றாலும் விழுந்த கைதான் வர வேண்டும். நடுங்கும், வியர்க்கும், வாயில் கெட்ட வார்த்தை வரும். வேறு வழியே இல்லை என்று தெரிந்தால்தான் மூளை புதுத் தடம் போடும். இயன்முறை மருத்துவப் படிப்பு முடிந்த சூட்டோடு, ஈப்போ நகரில் இந்தப் பயிற்சியைச் சோதிக்கும் ஆய்வில் சேர்ந்தேன். எனக்கு வேலைப் பைத்தியம். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். ஒரு விரல் அசைந்துவிட்டால் அன்று முழுக்கத் தரையில் கால் படாது.

என் நோயாளிகளில் ஒருவர் ஈப்போவின் புந்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். சுங்காய்ப் பக்கம், ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட தோட்டத்தில் குலை வெட்டியவர். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து நின்று, ஒரே இழுப்பில் குலையைச் சாய்க்கிற தோள். இனிப்புநீர் நோயைக் கவனிக்காமல் விட்டு, ஒருநாள் மரத்தடியிலேயே விழுந்தார். வலது பக்கம் முழுதும் போயிற்று. மருத்துவமனை பக்கத்தில் இருக்கட்டும் என்று அவர் மனைவிதான் ஈப்போவுக்குக் கூட்டி வந்தார். ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவப் போனார்.

அந்த மனைவியை நான் அக்கா என்பேன், அவர் என்னை மிஸ்ஸி என்பார். நான் நர்ஸ் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் மிஸ்ஸிதான். பேசும்போது தலையைத் திருப்பி வலது காதைக் காட்டுவார். இடது காது கேட்காது.

கணவருக்குக் கால் பயிற்சி நன்றாகப் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறை வரை நடந்தார். இனி கை என்று நான் சொன்ன அன்று, அக்கா என்னைப் படிக்கட்டில் மறித்தார்.

"மிஸ்ஸி, காலு போதும்லா. கைய விட்டுரு."

"ஏங்கா? எத்தன நாளைக்கு ஊட்டிக்கிட்டே இருப்பீங்க?"

"ஊட்டிட்டுப் போறேன். வாயில சோறு இருக்கிற நேரமாச்சும் ஏச மாட்டான்ல." சிரித்துவிட்டு இடது காதைத் தொட்டார். "இது அந்தக் கை செஞ்ச வேலை. இந்தப் பல்லும். வயித்துல ஒண்ணு இருந்துச்சு, அதுவும். அந்தக் கை விழுந்த அன்னைக்கு நான் கோயில்ல சூடம் கொளுத்துனேன். நீ வந்து அத எழுப்பப் போறியா?"

"அண்ணே இப்ப மாறிட்டாருக்கா. டிவில யாராச்சும் செத்தாகூட அழறாரு, பாக்கலயா?"

"கண்ணுக்குத்தான் ஸ்ட்ரோக் அடிச்சிருக்கு. மனசுக்கு அடிக்கல."

மூளையில் அடிபட்டவர்களுக்குக் காரணமில்லாமல் கண்ணீர் வரும். அதைப் படித்திருக்கிறேன், தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியும் இருக்கிறேன். ஆனாலும் அந்த வீட்டில் அதைத் திருந்தியவரின் அழுகையாகவே எடுத்துக்கொண்டேன். கை அவருடையது, வேண்டும் என்று அவரும் கேட்டார். எனக்கும் அது வேண்டியிருந்தது.

பந்து, கட்டை, ஆணி எதைக் கொடுத்தாலும் தரையில் தள்ளிவிடுவார். சோறு மட்டும்தான் அவரை அசைத்தது. இடது கையால் சாப்பிட மாட்டார், கரண்டியும் தொட மாட்டார். "பீச்சாங்கையால சோறு திங்க, நான் என்ன தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில இருந்தா வந்தேன்?" என்பார். அதனால்தான் அக்கா ஊட்டினார். அந்தச் சோற்றையே பயிற்சியாக்கினால் என்ன என்று தோன்றியபோது எனக்கு என்னைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. மத்தியானம் இடது கைக்கு உறை. முன்னால் சோற்றுத் தட்டு. முதல் வாயை அவரே வலது கையால் எடுத்தால்தான் மிச்சத்தை அக்கா ஊட்டலாம். இதுதான் சட்டம்.

"பாவம் பாத்து ஊட்டிறாதீங்கக்கா. அப்புறம் கை வராது."

"பாவமா? அவனப் பாத்துப் பாவப்பட்டு ரொம்ப நாளாச்சு."

தோள் வந்தது. பிறகு முழங்கை. பிறகு விரல்கள் மூடின. இப்படிப்பட்ட கைகளில் மூடுவதுதான் முதலில் வரும். திறப்பது வெகுநாள் கழித்து வரும், வராமலும் போகும். சோற்றை அள்ளுவார், விரல்கள் இறுகும், குழம்பு இடுக்கு வழியாகப் பிதுங்கி முழங்கை வரை வழியும். இறுகிய தன் கைமுட்டியைத் தானே கடித்துச் சோற்றைப் பிடுங்குவார். "வருது அண்ணே! விடாதீங்க!" என்று நான் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டே கத்துவேன். அக்கா சுவரோரம், அவர் கைக்கு எட்டாத தூரத்தில் நிற்பார்.

அன்று மீன் குழம்பு. முதல் வாய் மடியில் கொட்டியது. அடுத்தது தரையில் கொட்டியது.

"ஊட்டுடி."

"மிஸ்ஸி சொல்லணும்."

"இன்னும் ஒரு தடவ அண்ணே," என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "என்னடி சிரிக்கிற?"

அக்கா சிரிக்கவில்லை. சிந்திய சோற்றைப் பொறுக்கத்தான் கிட்டே வந்து குனிந்தார். பல வருஷத்துப் பழக்கம், சோறு கீழே கிடந்தால் தானாகக் குனிகிற உடம்பு. உறை போட்ட கை தட்டை அடித்தது. தட்டு சுவரில் மோதியது. வலது கை மேலே வந்தது. பயிற்சியில் ஒருநாளும் அப்படி வந்ததில்லை. பிடரியில் கொண்டையோடு சேர்த்துப் பிடித்து, குலையைச் சாய்க்கிற அதே இழுப்பில் இழுத்தது. அக்காவின் நெற்றி மேசை விளிம்பில் மோதியது. மறுபடி இழுத்தது. மறுபடி மோதியது. "யாரப் பாத்துடி சிரிக்கிற? யாரப் பாத்து?"

தோள், முழங்கை, விரல் மூன்றும் ஒன்றாக வேலை செய்கின்றன என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் பாய்ந்தேன்.

விரல்களைப் பிரிக்கப் பிரிக்க இன்னும் இறுகின. அது அப்படித்தான்; இழுத்தால் அந்தத் தசை எதிர்த்து இறுகும். நான் அவர் புறங்கையில் நகம் பதியப் பிறாண்டினேன். சட்டென்று அவர் குரல் மாறியது.

"வரல மிஸ்ஸி. கை தொறக்க மாட்டேங்குது." அவர் அழுதுகொண்டிருந்தார். பிடி மட்டும் தளரவில்லை.

"ஏதாச்சும் செய்டி!" என்று அக்கா மேசைக்கடியிலிருந்து கத்தினார்.

அப்போதுதான் புத்தி வந்தது. விரல்களை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்து உள்பக்கமாக, முழு பலத்தோடு மடக்கினேன். விரல்கள் தாமாக நெகிழ்ந்தன. கொண்டை உருவிக்கொண்டு வந்தது. அவர் விரலிடுக்கில் மீன் குழம்போடு முடிக் கற்றை ஒட்டியிருந்தது.

அக்காவைக் கிளினிக்குக்கு மோட்டாரில்தான் கூட்டிப் போனேன். பின்னால் உட்கார்ந்து, துண்டை நெற்றியில் அழுத்திக்கொண்டு வந்தார். தையல் போடக் காத்திருந்தபோது, "போலீஸ்ல ரிப்போர்ட் குடுப்போம்கா," என்றேன்.

"குடுத்து? அவன யாரு வச்சிப் பாக்கிறது, நீயா?" துண்டைத் திருப்பி வைத்து அழுத்தினார். "அந்தக் கைய எப்படித் தொறந்த? காட்டு."

காட்டினேன். என் கையை முட்டியாக மடக்கச் சொல்லி, மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். வலித்தது. "இன்னும் கெட்டியா மூடு," என்று இன்னொரு முறை செய்தார். பிறகு சொன்னார்: "இத மொதல்லயே சொல்லிக் குடுத்திருக்கலாம்ல மிஸ்ஸி."

நடந்ததை ஆய்வுத் தலைவியிடம் சொன்னேன். கைப் பயிற்சி நின்றது. கால் பயிற்சிக்கு மட்டும் போகலாம் என்றார்.

அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது அண்ணன் மேசை முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கையால். உருட்டத் தெரியாமல் தாடையெல்லாம் சோறு. வலது கை, அன்று நான் விட்டுப் போன உறைக்குள் இருந்தது, பட்டை நான் போடுவதைவிட இறுக்கமாக. நெற்றியில் தையலோடு அக்கா எதிரே உட்கார்ந்து தானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மிஸ்ஸி, இத அவுக்கச் சொல்லு," என்றார் அவர்.

"அவுத்தா சோறு கிடையாது," என்றார் அக்கா, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒன் சட்டம்தான்லா மிஸ்ஸி. கைய மட்டும் மாத்திக்கிட்டேன்."

உறைக்குள் கிடக்கிற கைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போட்ட தடம் அழியும், விரல் இறுகி நிரந்தரமாக மடங்கும். நான் படித்த படிப்பு முழுவதும் அதை அவிழ் என்றுதான் சொல்கிறது. அவர் உறை போட்ட கையைத் தோளால் தூக்கி என் பக்கம் நீட்டினார். அழவும் ஆரம்பித்தார். பட்டையின் நுனி என் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

பையிலிருந்து, நடக்கும்போது விழாமல் பிடித்துக்கொள்ளும் நடைப் பட்டியை எடுத்து அவர் இடுப்பில் கட்டினேன்.

"எந்திரிங்க அண்ணே. நடப்போம்."