கத்தரி வாயில் ஒட்டிய துண்டு

மாதனூரில் எங்கள் தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வரும். அம்மா அதில் ஏறி ஷூ தைக்கப் போவாள். நான் வேலூர் பஸ்ஸைப் பிடித்து லேபுக்குப் போவேன். தோல் தொழிலோடு வரும் குரோமியம், கொடிய வடிவம் எடுத்தால் மனிதச் செல்களை எப்படிச் சாகடிக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

செல் லேசுப்பட்டதில்லை. தன்னையே வெட்டிக் கொல்லும் என்சைம்களை உள்ளுக்குள் மடக்கி வைத்துக்கொண்டே வாழ்கிறது. உத்தரவு வந்ததும் அவை விரிந்து வேலையை முடித்துவிடும். குரோமியம் கிளப்பிவிடுவது அந்த உத்தரவைத்தான் என்பது என் வாதம். அதைச் சோதிக்க ஒரு பெப்டைடு உண்டு. என்சைம் எதை வெட்டத் தேடுமோ, அதைப் போலவே வேஷம் போட்ட பொடிப் புரதத் துண்டு. அதைக் கவ்வினால், பசை தடவிய தோலைக் கவ்விய கத்தரி மாதிரி, என்சைமின் வாய் அப்படியே ஒட்டிப்போகும். பெப்டைடு போட்ட செல்கள் பிழைத்தால் நான் சொன்னது சரி. இல்லையென்றால், "தலைப்பையே மாத்திடும்மா" என்று கைடு மேடம் சொல்லியிருந்தார். கையில் இருந்தது கடைசிக் குப்பி.

ஃப்ரீசரிலிருந்து எடுத்து, இளகட்டும் என்று மேஜைமேல் வைத்தேன். செல் தட்டுகளைத் தயார் செய்துவிட்டு வந்து பார்த்தால் கல் மாதிரி இருக்கிறது. எங்கள் ஊர் வெயிலில் வளர்ந்தவளுக்கு, மேஜைமேல் இருப்பது உறைந்தே கிடக்கும் என்று தோன்றுமா? கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டி, குப்பைத்தொட்டி வரைக்கும் போய்விட்டேன். போட மனசு வராமல் குப்பியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றேன். கையைத் திறந்தால் உள்ளே தெளிந்த திரவம்! பெப்டைடைக் கரைத்து வைத்திருந்தது ஏசிக் குளிருக்கே உறைந்துவிடும் கரைப்பானிலாம்.

"வெயிலே இல்லாத எடமும் உலகத்துல இருக்குதுடி," என்று லேப் தோழி சிரித்தாள்.

மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். குரோமியம் மட்டும் பட்ட செல்கள் சுருங்கி, கொப்புளமாக உடைந்து மிதந்தன. பெப்டைடும் போட்டவை பெரும்பாலும் தட்டைப் பிடித்தபடி கிடந்தன. கண்ணுக்கே தெரியாத ஒரு துண்டு, சாவின் வாயை அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. தலைப்பு தப்பியது என்ற நினைப்பே எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது.

சாயங்காலம் அம்மாவிடம் பெருமையடித்தேன். "சாவையே நிறுத்திட்டேம்மா."

"இன்னாடி சொல்ற? அப்ப அத்த எல்லாருக்கும் குடுத்துட வேண்டியதுதானே?"

"ஐயோ, கூடாதும்மா. லேப்ல பாக்கறதுக்கு மட்டும்தான். செல்லுங்க சாவுறதும் வேணும். கொழந்த வயித்துல இருக்கறப்ப விரலுங்களுக்கு நடுவுல சதை ஒட்டிக்கினு இருக்கும். அந்த செல்லுங்க செத்தாத்தான் விரல் தனித்தனியா பிரியும்."

நாளெல்லாம் தோல் தைத்துவிட்டு வந்த கைகளை அம்மா மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். விரல்களை அல்ல, அவற்றின் நடுவே இருந்த இடைவெளிகளைப் பார்த்தாள்.

"இங்கெல்லாம் இருந்தது எனக்காவ செத்துச்சா?"

"ஆமாம்மா."

மறுநாள் காலையில் கம்பெனி பஸ் கிளம்பும்போது அம்மா ஜன்னல் வழியாகக் கை காட்டினாள், என்றைக்கும் இல்லாமல் ஐந்து விரல்களையும் நன்றாக விரித்து.