பச்சையில் நின்ற முள்

என்னைக் கேட்டால், பொய் சொல்கிற மனுஷிக்குப் பொய் காட்டுகிற மீட்டர் முள் எவ்வளவோ தேவலை என்பேன். முள்ளுக்காவது புத்தி கிடையாது.

விமானப் பயிற்சிப் பள்ளியில் எனக்கும் அந்த மனுஷிக்கும் ஒரே அறை. நான் கண்ணமங்கலம், அவள் கலசப்பாக்கம். ஊர்ப்பக்கத்துப் பெண் கிடைத்தாளே என்று ஒட்டிக்கொண்டோம். எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி இறங்கி அடுத்தவள் ஏறும்போது, விமானத்தில் என்ன கோளாறு என்பதை வாய்விட்டுச் சொல்லித்தான் ஒப்படைக்க வேண்டும்.

அன்று காலை அவள் ஓட்டிவிட்டு இறங்கினாள். "எல்லாம் சூப்பரா கீதுடி. போய்ட்டு வா" என்றாள். இஞ்சின் ஆயிலின் சூட்டைக் காட்டும் முள், சூடு அளவாக இருக்கிறது என்று சொல்லும் பச்சைக் கோட்டில் நின்றது. இப்போதுதானே ஓடிய இஞ்சின், சூடாகத்தான் இருக்கும் என்று நினைத்துத் தனியாகக் கிளம்பினேன்.

சந்தவாசலைத் தாண்டி ஜவ்வாது மலைமேல் ஏறினேன். நல்ல வெயில். ஏற ஏற அந்த முள் கொஞ்சமாவது நகர வேண்டும். நகரவில்லை. அடடா, இன்றைக்கு இஞ்சின் சமர்த்தாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன், மட்டி! கொஞ்ச நேரத்தில் பக்கத்து மீட்டரில் ஆயில் அழுத்தம் இறங்கத் தொடங்கியது. அழுத்தம் குறைந்தும் சூடு ஏறவில்லை என்றால், அழுத்தம் காட்டும் மீட்டரைச் சந்தேகப்படு என்றுதான் எங்களுக்குப் பாடம். அதை நம்பி இன்னும் மேலே போனேன்.

அப்புறம்தான் தீய்ந்த ஆயில் நாற்றம் வந்தது. கீழே காடும் பாறையும். இறக்குவதற்குச் சமதரையே இல்லை. இஞ்சின் வேகத்தைக் குறைத்து, விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி, தெரிந்த சாமி பேரெல்லாம் சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

எப்படியோ ஓடுபாதையில் இறங்கி நிறுத்தியபோது, விமானத்தின் அடிப்பக்கம் முழுக்க ஆயில் வழிந்திருந்தது. அவள்தான் முதலில் ஓடிவந்தாள். கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"மீட்டர் கண்ணாடிய ஒரு தட்டு தட்டியிருக்கலாமேடி! தட்டினா அந்தச் சூட்டு முள்ளு நகருமே!" என்றாள்.

அவள் தோளைப் பிடித்து நிறுத்தினேன். "அப்போ உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"காலைல இஞ்சின் ஜில்லுனு இருக்கச்சேயே பச்சையில நின்னுச்சுடி. சொன்னா விமானத்த நிறுத்திடுவாங்க. நாளைக்கு இதுலதான் எனக்கு டெஸ்ட்டு. இன்னா பண்ணச் சொல்ற?"

அடிப்பாவி! அவள் சொல்லை நம்பித்தானே கண்ணாடியைத் தட்டிக்கூடப் பார்க்காமல் ஏறினேன். தொண்டை கிழியக் கத்தினேன். அவள் அழுதாள். நிஜமான அழுகைதான். அதைப் பார்க்க இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"உன் தங்கச்சி ஏறியிருந்தா சொல்லியிருப்பியாடி?" என்று கேட்டேன்.

"அவகிட்ட எப்பிடிடி சொல்லாம இருப்பேன்?" என்றாள், யோசிக்கவே யோசிக்காமல்.