மூன்றாம் சிலிண்டரும் வெர்னாவும்

வெர்னாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதும் ஆசை எனக்கு இல்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

மனோகோட்டக் கிராமத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். பத்து வயதில் அப்பாவின் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டுத் திட்டு வாங்கி, மறுநாள் அவளே பூட்டி ஓடவும் வைத்தாளாம். இதை நூறு தடவை கேட்டிருக்கிறேன். நூறு தடவையும் வயிறு எரிந்திருக்கிறது. ஆங்கரேஜில் படித்து விமான மெக்கானிக் உரிமம் வாங்கி, இரண்டு வருடம் முன்பு டில்லிங்ஹாமில் எங்கள் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். முப்பத்தோரு வயது, இரண்டு பிள்ளைகள், சட்டைப்பையில் எப்போதும் காய்ந்த சால்மன். கேட்டதற்கு ஆமாம் என்று வாயால் சொல்லமாட்டாள், புருவத்தை உயர்த்துவாள். அவள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். இவள் உயர்த்தினால் மட்டும் எனக்கு எரிச்சல் வரும்.

நான் ஜீன். சின்ன விமானங்களின் எஞ்சின்களை இருபத்தாறு வருடமாக இங்கே பார்க்கிறேன். முன்பெல்லாம் விமானிகள் இறங்கியதும் என்னைத்தான் தேடுவார்கள். இப்போது என் முகத்தைப் பார்த்தே "வெர்னா இல்லையா?" என்கிறார்கள். இல்லை என்றால் போய்விடாமல் அவள் வரும்வரை காபியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் என்ன, சுவரில் மாட்டிய காலண்டரா?

மார்ச் மாதம் ஒரு காலையில் விமானி ஆர்வில் வந்தான். மகளுக்கு அன்று மாலை மலைக்கு அப்பால் டோகியாக்கில் பாஸ்கெட்பால் போட்டி, அவளை இவன்தான் ஏற்றிப்போக வேண்டும். மூன்று நாள் மூடுபனி அப்போதுதான் விலகியிருந்தது. விமானம் சக்தியில்லாமல் ஏறுகிறது என்றான்.

எஞ்சின் சூடாக இருக்கும்போதே சோதித்தோம். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாகச் சிலிண்டருக்குள் எண்பது பவுண்டு அழுத்தத்தில் காற்றை விட வேண்டும். மீட்டர் முள் எழுபதுக்கு மேல் நின்றால் நிம்மதி. காற்றின் வேகத்தில் புரொப்பெல்லர் சுழன்றால் கை முறியும் என்பதால் ஒருவர் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அவள் வந்ததிலிருந்து பிடிப்பது நான், மீட்டர் பார்ப்பது அவள். மூன்றாவது சிலிண்டரில் முள் ஐம்பத்தாறில் நின்றது.

கசியும் காற்று புகைக்குழாயில் சீறினால் கோளாறு வால்வில், எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங்கில். அவள் புகைக்குழாயில் காதை வைத்தாள். "புகைய வெளியேத்துற வால்வு கசியுது. சிலிண்டரக் கழட்டணும்."

"எவ்வளவு நாளாகும்?" என்றான் ஆர்வில்.

"நாலு நாள்."

"அட போம்மா! போட்டி இன்னிக்கு." என் பக்கம் திரும்பினான். "ஜீன், நீயும் கேட்டுச் சொல்லேன்."

இரண்டு வருடத்தில் ஒருவன் என்னைக் கேட்டது அதுதான் முதல் முறை. புரொப்பெல்லரை அவளிடம் கொடுத்துவிட்டுக் குழாயருகே குனிந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஹீட்டர் இரைச்சல் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். எண்ணெய் ஊற்றும் வாயில் ஏதோ முனகுவது போலிருந்தது.

"பிஸ்டன் ரிங்தான். ஒரு மணி நேரம் பறந்தா தானா சரியாயிடும்" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு அவ்வளவு இனித்தது.

"அப்ப கெளம்பறேன்" என்றான் ஆர்வில்.

"ரெண்டு நிமிஷம். நீங்க வந்து இதப் புடிங்க" என்று அவனிடம் புரொப்பெல்லரைக் கொடுத்தாள் வெர்னா. என்னைப் பின்னால் கூட்டிப்போய், "கையுறையக் கழட்டுங்க, ஜீன்" என்றாள். என் உள்ளங்கையில் தண்ணீரை ஊற்றி, குழாயின் வாயருகே பிடித்தாள். ஈரத்தின் மேல் காற்று சீராக அடித்தது. எண்ணெய் வாயில் பிடித்தாள். அங்கே அவ்வளவாக ஒன்றுமில்லை.

அவள் காற்றை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். முன்னால் நின்ற ஆர்விலுக்கு எதுவும் தெரியவில்லை. நான் பேசாமல் இருந்தால் அவன் மகளை ஏற்றிக்கொண்டு மலைமேல் பறப்பான். வாயைத் திறந்தால் அந்தக் கொட்டகையில் எனக்கென்று மிச்சமிருந்ததும் போய்விடும். சண்டாளி, திட்டவாவது கூடாதா என்றிருந்தது.

"போகாத, ஆர்வில். அவ சொன்னதுதான் சரி. எனக்குக் காது கேக்கல" என்றேன்.

"தெரியுமேப்பா. ஒரு வருஷமா உங்கிட்டக் கத்திக் கத்தித்தானே பேசறோம்."

எனக்கு முகம் சுட்டது. "தெரிஞ்சுமா என் பேச்ச நம்புன?"

"நம்புனேன்னு யாரு சொன்னா? எனக்குப் போகணும். நீ போலாம்னு சொல்லுவேன்னு தெரியும், கேட்டேன்."

அவன் மகளுக்குப் போன் செய்யப் போனான். வெர்னா ஏற்கெனவே குழாயின் நட்டுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அவள் காதுக்கும் கைக்கும் பொறாமைப்பட்டேன். தனக்கு வேண்டிய பதிலை வாங்கிப்போகலாம் என்று அவளிடம் ஒருவனும் வந்ததில்லை. இப்போது என்னை எரிப்பது அதுதான்.