கோட்டைக்காட்டுச் சோளம்

முத்துப்பேச்சி ஏர் பிடித்தாள். ஊருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

புருஷன் செத்த மறு ஆடியில், உழ வருகிறேன் என்று சொன்னவன் ஒருத்தனும் வரவில்லை. அவனவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் வயிறு நிறையுமா? தானே மாட்டைப் பூட்டினாள். அகரம் ஊருக்குக் கிழக்கே அவளுக்கிருந்த மூன்று ஏக்கருக்குக் கோட்டைக்காடு என்று பேர். பாளையக்காரர் காலத்தில் அங்கே சின்னதாய் ஒரு கோட்டை இருந்ததாம். கல்லையெல்லாம் ஊரே பெயர்த்துக்கொண்டு போய் வீடு கட்டிவிட்டது. பேர் மட்டும் மிச்சம்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் மழை பொய்த்தது. நல்ல மழையில் தெரியாத குறை அப்போது தெரிந்தது. அவள் சோளத்தில் ஒரு பட்டை மட்டும் முழங்கால் உயரத்திலேயே காய்ந்து நின்றது. நேராக ஓடி, மூலையில் திரும்பி, மறுபடி நேராக ஓடியது. அதற்கு வெளியே இன்னொரு பட்டை ஆள் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்றது. கொழுந்தன் ஒச்சப்பன் ஊர்க்கூட்டம் கூட்டிவிட்டான்.

“பொம்பளை ஏர் தொட்டா மண்ணு மலடாகும்னு சும்மாவா சொன்னாக? காட்டை எங்கிட்ட விட்டுருங்க மதினி. கஞ்சி நான் ஊத்துறேன்.”

முத்துப்பேச்சிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவன் கஞ்சி யாருக்கு வேண்டும்?

“மண்ணு மலடில்ல. அடியில கோட்டைச் சுவரு கெடக்கு, வேரு எறங்கல. பச்சையா நிக்கிறது தூந்துபோன அகழி, அடியில ஈரம் நிக்குது. என் ஏர்க்கொழு அந்தச் சுவத்துல எத்தனை தடவ உரசியிருக்கு! அதான் அங்கன மேலாப்புல உழுறேன். நம்பலைன்னா நீங்களே உழுங்க கொழுந்தனாரே. ஆம்பளை ஏருக்கு மண்ணு வழிவிடுதான்னு பாப்போம்.”

அறுப்பு முடிந்து ஒரு மழை விழுந்ததும் ஊரே வரப்பில் வந்து நின்றது. ஒச்சப்பன் மேழியை அழுத்திப் பிடித்து, காய்ந்த பட்டைக்குக் குறுக்கே ஓட்டினான். நாலாவது எட்டில் ணங்கென்று சத்தம். கொழு முறிந்து, மேழி அவன் விலாவிலேயே இடித்தது. தோண்டிப் பார்த்தால், இரண்டு முழ அகலத்துக்குக் கருங்கல் சுவர்.

அதற்கப்புறம் யாரும் மலடு என்று பேசவில்லை. ஆனால் மறுநாளே ஒச்சப்பன் கடப்பாரையோடு வண்டி கட்டிக்கொண்டு வந்தான். தொழுவம் கட்டக் கல் ஆகுமாம்!

முத்துப்பேச்சி மண்வெட்டியோடு குறுக்கே நின்றாள்.

“மேல கெடந்ததை உங்க பாட்டனுக கொண்டுபோயிட்டாக. உன் வீட்டு வாசப்படியே இந்தக் கல்லுதான். கீழ கெடக்குறது எனக்குச் சாட்சி சொன்ன கல்லு. தொடுலே பாப்போம்!”

வண்டி வந்த வழியே திரும்பிப் போனது. அன்றைக்கே குழியை மூடினாள். கையில் தெம்பிருந்த வரைக்கும் அவளேதான் உழுதாள். கல்லை எடுத்தால் இன்னும் நாலு மூட்டை கூட வருமே என்று யாராவது சொன்னால் சிரிப்பாள்.

“கொறஞ்சாக் கொறஞ்சிட்டுப் போகுது. கோட்டை இப்ப என்னோடது.”