நான் உடைக்கச் சொன்ன இடது கால்

1. மழை நாள்

“என்னாடி பண்ற நீ? அது நம்ம சாமிடி” என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது, அந்தச் சிலையை அன்று முப்பத்தெட்டாவது தடவையாக உடைத்து முடித்திருந்தேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி ஆபீஸ். அங்கே நாங்கள் பதினோரு பேர் வீடியோ கேம் டெஸ்டர்கள். நாள் முழுக்க விளையாடிச் சம்பளம் வாங்குகிறோம் என்று சொந்தக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும், தெரியும். ஒரே இடத்தில் ஒரே அடியை ஐம்பது தடவை அடித்து, சரியாக இருந்தால் பாஸ், பிசகினால் பக் என்று எழுத வேண்டும்.

அப்போது கையில் இருந்தது, ஜப்பானில் பெயர்போன ஒரு தற்காப்புக் கலை மாங்காவை வைத்துச் செய்த சண்டை கேம். மாங்கா என்றால் அவர்கள் ஊர்ப் படக்கதை. பெயரைச் சொல்ல ஒப்பந்தம் விடாது. கதாநாயகன் நாடு நாடாகப் போய் அங்கங்கே உள்ள வீரர்களோடு மோதுவான். அதில் ஒரு களம், நம் நாட்டுப் பாழடைந்த கோயில். எதிராளியைத் தூக்கிச் சுவரில் எறிந்தால் அங்கே நிற்கிற சிலை நொறுங்க வேண்டும். எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று எழுதித் தருகிற டெஸ்ட் கேஸில் அதற்கு ‘ப்ராப் ஏழு’, அதாவது ஏழாவது களப்பொருள், என்று பெயர். மூன்று வாரமாக அது என் பங்கு.

அன்று மழையில் எங்கள் ஊர் சிதம்பரத்திலிருந்து பஸ் ஓடவில்லை. வீட்டுக் கூடத்தில் லேப்டாப்பை வைத்து வேலை பார்த்தேன். தண்ணீர் குடிக்க வந்த வீட்டுக்காரர் திரையைப் பார்த்து நின்றுவிட்டார். அவர் கேட்டதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

“சாமி இல்லங்க, வால் பிரேக், செவுத்துல மோதி உடையற டெஸ்ட். இன்னும் பன்னண்டு தடவ உடைக்கணும்.”

வாயிலிருந்து வந்த பிறகுதான் திரையை ஒழுங்காகப் பார்த்தேன். நான்கு கை. சுற்றிலும் நெருப்பு வளையம். தூக்கிய இடது கால். நான் பிறந்தது சிதம்பரம் மேல வீதியில். நடராஜர் கோயிலைச் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன், சைக்கிள் பழகினேன். எனக்கு நடராஜரைத் தெரியாதா? மூன்று வாரம் என் கண் எங்கே மேயப் போயிருந்தது?

2. என் பெயரில் ஒரு பக்

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சந்தேகம் வந்து பழைய பக் பட்டியலைத் திறந்தேன். முதல் வாரத்திலேயே என் பெயரில் ஒன்று இருந்தது. “சிலை நொறுங்கிய பிறகும் இடது கால் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. அதுவும் நொறுங்க வேண்டும்.” டெவலப்பர் சரிசெய்திருக்கிறார். நான் சோதித்துப் பாஸ் போட்டு மூடியிருக்கிறேன்.

எங்கள் ஊரில் அந்தக் காலுக்குக் குஞ்சிதபாதம் என்று பேர். அதைத் தரிசிக்கத்தான் சனம் எங்கெங்கிருந்தோ வருகிறது. மற்றதெல்லாம் உடைந்தும் அது ஒன்று உடையாமல் நின்றிருக்கிறது. அதையும் உடை என்று எழுதிக் கொடுத்தவள் சிதம்பரத்துக்காரி.

வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். “நெஜமாவே ஒனக்குத் தெரியலியா?” என்று மட்டும் கேட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

3. நான்கு நாள்

மறுநாள் எங்கள் முதலாளி குமரேசன் சாரிடம் போய்ச் சொன்னேன். திட்டக்குடிக்காரர், கெட்டவர் இல்லை. ஆனால் மாஸ்டர் பில்ட், அதாவது கேமின் கடைசி வடிவம், போக நான்கே நாள் இருந்தது. இந்த ஒரு கிளையன்டை நம்பித்தான் ஆபீஸே ஓடியது.

“நீங்க சொல்றது நியாயந்தாம்மா. பாஸ் போட்டதும் நாம, தப்புன்னு சொல்றதும் நாமன்னா அடுத்த வேலைய எவன் குடுப்பான்? பதினோரு பேரும் வூட்ல உக்கார வேண்டியதுதான்.”

தப்பு என்னுடையது, சிலை உடையக் கூடாது என்று புது பக்காக என் பேரிலேயே அனுப்புங்கள் என்று பிடிவாதமாக நின்றேன். அனுப்பினார். பெங்களூரில் இருந்த கிளையன்டின் கோஆர்டினேட்டர் பத்தே நிமிஷத்தில் ‘டிசைனே இப்படித்தான்’ என்று மூடிவிட்டார். மறுபடி திறந்தேன். மறுபடி மூடினார். எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். என்னால் இந்தப் பத்துப் பேர் பிழைப்பும் போகப்போகிறதே என்று சாப்பாடு இறங்கவில்லை.

கேமின் மெனுத் திரைகளை டெஸ்ட் பண்ணுகிற பர்வீன், நானும் சாரும் போட்ட சத்தத்தைக் கேட்டு எழுந்து வந்தாள். திரையைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

“அக்கா, இது புக்குல இல்லியே. புக்குல செல ஒடையாதுக்கா.”

தன் போனில் மாங்காவின் அந்த அத்தியாயத்தை எடுத்துக் காட்டினாள். எதிராளி கதாநாயகனைச் சிலை மேல் எறிகிறான். இவன் அந்தரத்திலேயே உடம்பைத் திருப்பித் தூணில் போய் மோதிக்கொள்கிறான். தோள் எலும்பு முறிகிறது. சிலையில் ஒரு கீறல் இல்லை. அதைப் பார்த்த எதிராளி சண்டையையே நிறுத்திவிடுகிறான். எங்கோ ஜப்பானில் ஒரு மனுஷர் அவ்வளவு மரியாதையாக வரைந்து வைத்திருக்கிறார். எனக்கு வெட்கத்தில் கண்ணீர் வந்துவிட்டது.

ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். தன் டெஸ்ட் கேஸ் மெனுவோடு முடிந்துவிட்டது, இந்தக் களத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றாள். அவளை என்ன குறை சொல்வது? கதையைப் படித்தவள் களத்தைப் பார்க்கவில்லை. களத்தைப் பார்த்தவள் கதையைப் படிக்கவில்லை.

இந்தத் தடவை பக்கை ‘மூலக்கதைக்கு மாறானது’ என்ற தலைப்பில் போட்டு, மாங்காப் பக்க எண்ணையும் சேர்த்தேன். அந்தத் தலைப்பில் போட்டால் நேராக ஜப்பானில் உரிமை வைத்திருப்பவர்களுக்குப் போகும். பெங்களூர் மூட முடியாது. மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. சிலை உடைவதை எடுத்துவிடுகிறார்களாம். கீழே ஒரு கேள்வி: உங்கள் குழுவில் யாரும் புத்தகத்தைப் படிக்கவில்லையா?

என்ன எழுதுவது என்று சார் என் முகத்தைப் பார்த்தார். ஒருத்தி படித்திருந்தாள், நாங்கள் அவளைக் கேட்கவில்லை என்று உள்ளதை எழுதச் சொன்னேன். மூன்று மாதம் வேலை வரவில்லை. இரண்டு பேர் வேறு இடம் பார்த்துப் போனார்கள், அது என்னால்தான். பிறகு வந்த வேலையில், முதல் வாரம் எல்லோரும் மாங்காவைப் படிக்க வேண்டும் என்று ஜப்பான்காரர்களே நிபந்தனை போட்டிருந்தார்கள்.

4. ஐம்பது தடவை

திருத்திய பில்ட் வந்ததும் அதைச் சோதிக்க வேண்டுமே. சிலை உடையவில்லை என்று உறுதி செய்வதற்கும் அதே ஐம்பது தடவை எறிந்தாக வேண்டும். வேறு யாராவது பார்க்கட்டும் என்றார் சார். வேண்டாம் என்று நானே உட்கார்ந்தேன்.

மூன்று வாரம் யோசிக்காமல் அழுத்திய பட்டன். இப்போது விரல் போகவில்லை. மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அழுத்தினேன். ஆள் போய் மோதித் தெறித்து விழுந்தான். சிலை நின்றது. ஒவ்வொரு தடவையும் அந்த இடது காலை மட்டுமே பார்த்தேன். ஐம்பது தடவையும் நின்றது.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். டெஸ்ட் கேஸ் கேட்பதைப் பார்க்கும் முன்னால், திரையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பார்க்காமல் போட்ட பாஸ் பொய்தான். மூன்று வாரம் நான் தினமும் ஐம்பது பொய் எழுதியிருக்கிறேன்.