மாப்பிள்ளை போட்ட தண்ணீர்ப் பந்தல்

போன வாரம் என் இடது காலில் இரண்டு நகங்கள் கழன்று விழுந்தன. வலியெல்லாம் இல்லை. கறுத்துப்போன நகம், விழத்தானே வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரர்தான் பதறிப்போய், இனிப்புநீர் வியாதி இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லை ஐயா... மலையில் ஓடிவிட்டு வந்தேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். லோரி, மீன்பிடிப் படகு, தாய்லாந்து எல்லையில் பழக்கடை என்று சுற்றியவன். ஓரிடத்தில் உட்காரச் சொன்னால்தான் எனக்குக் கஷ்டம். நான் ஓடுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆச்சரியம் என் தங்கை சரோஜாதான்.

சரோஜாவுக்கு வீடு புக்கிட் காத்திலில், வேலை ஃபேக்டரியில். வயது ஐம்பதை எட்டிப் பார்க்கிறது. ஒருநாள் டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தாள். பிறகு ஓடினாள். பிறகு நிறுத்தவே இல்லை.

வீடிருக்கும் தாமான் குடியிருப்பில் அவள் ஓடும்போது வேலியோரம் நிற்கிறவர்கள், "யாரு துரத்துறா சரோஜா?" என்று கேட்பார்கள். அவள் கணவர் மணியத்திடமும் இதையே கேட்பார்கள். மணியம் லோரி டிரைவர். வாயைத் திறக்காத மனிதர். பதிலுக்குச் சிரிக்கக்கூட மாட்டார். அவருக்கு இந்த ஓட்டம் பிடிக்கவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சரோஜாவும்.

லெடாங் மலையில் நடக்கும் ஓட்டம் ஐம்பது கிலோமீட்டர். விடிவதற்கு முன் கிளம்பி, காட்டு வழியே மலை ஏறி, இறங்கி, செம்பனைத் தோட்டங்களின் மண்சாலையைச் சுற்றிக்கொண்டு மாலை ஆறு மணிக்குள் வந்து சேர வேண்டும். தாமதமானால் மெடல் கிடையாது. சரோஜா ஏற்கெனவே இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் நேரம் முடிந்து, வேனில் ஏற்றிக்கொண்டு வரப்பட்டவள். அடுத்த மாதத்திலிருந்து அவளுக்கு நிரந்தர இரவு ஷிப்ட். பயிற்சிக்கு இனி நேரம் இல்லை. இதுதான் கடைசித் தடவை என்று முடிவு செய்திருந்தாள். துணைக்கு நானும் பேர் கொடுத்தேன்.

"வேன்ல மட்டும் ஏத்த விடாதண்ணே." கிளம்பும்போது அவள் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்.

அட்டை ஏறாமலிருக்கக் காலுறை முழுக்கப் பார் சோப்பைத் தேய்த்துக்கொண்டு காட்டுக்குள் போனோம். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகும்போது அம்மா செய்தது. அட்டை ஏறவில்லை. ஆனால் முதல் ஓடையைத் தாண்டியதும் இரண்டு பேர் கால்களும் துணி துவைப்பதுபோல் நுரைத்தன! பின்னால் வந்த சீன அங்கிள் ஒருவர் அதைப் பார்த்து மூச்சு வாங்கச் சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் அவர் காலில் நாலைந்து அட்டைகள். சிரிப்பு நின்றது. மிச்ச சோப்பைச் சரோஜா அவரிடம் கொடுத்தாள். அதன் பிறகு மூன்று பேரும் நுரையோடு போனோம்.

மலையைப் பற்றி எழுத அதிகமில்லை. கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும், வேரைப் பிடித்து இறங்க வேண்டும். முழங்கால் திட்டும். கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

இறங்கும்போதுதான் வினை. பிரம்பு முள் மாட்டி, சரோஜா முதுகில் சுமந்த தண்ணீர்ப் பை கிழிந்துவிட்டது. என்னிடம் இருந்ததைப் பங்கு போட்டுக் குடித்தோம். செம்பனைத் தோட்டத்துக்கு வந்தபோது இரண்டு பேரிடமும் சொட்டு இல்லை. உச்சி வெயில். அடுத்த செக்பாயிண்ட் வெகு தூரம். சரோஜாவின் உதடு வெடித்திருந்தது. ஓட்டம் நடையாகி, நடை தள்ளாட்டமாகிக்கொண்டிருந்தது. இந்த வேகத்தில் போனால் ஆறு மணி என்ன... வேன்தான்.

அப்போது ஒரு வளைவில் நீலக் கேன்வாஸ் தெரிந்தது.

லோரியின் பக்கவாட்டில் கட்டிய பந்தல். வேப்பிலைத் தோரணம். முருகன் படம். இரண்டு பெரிய அண்டா. பெம்பான் கோயில் நண்பர்கள் இரண்டு பேர் கப்புகளை அடுக்க, கையில் அகப்பையோடு... நம்ம மணியம்!

வருடா வருடம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர் அவர். பெண்டாட்டி குளிர்பெட்டியில் ஒட்டி வைத்த ஓட்டப் பாதைப் படத்தைப் பார்த்திருக்கிறார். மலைக்கு இத்தனை பேர் கால்நடையாகப் போகிறார்களா? அப்படியானால் மோர் ஊற்ற வேண்டியதுதானே! யாரிடமும் சொல்லவில்லை. லோரியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஓட்டக்காரர்கள் குழம்பிப்போய், சப்பாத்தைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நம் ஆண்களுக்கு அன்பைச் சொல்ல வாய் வராது. அண்டா வரும்.

ஆனால் ஓட்டத்துக்கு விதி என்று ஒன்று இருக்கிறதே. செக்பாயிண்ட் தவிர வேறெங்கும் சொந்தக்காரர்கள் உதவி செய்யக்கூடாது. செய்தால் ஓடுகிறவர் அவுட். மாப்பிள்ளை இதைப் படித்திருக்கவில்லை. நாங்கள் நெருங்கியபோது, விதிகளைக் கவனிக்கும் மார்ஷல், ஒரு மலாய்ப் பெண், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். பந்தல் எல்லோருக்கும்தானா? ஆமாம். அப்படியானால் சரி. உங்கள் குடும்பத்தில் யாராவது ஓடுகிறார்களா?

இல்லை என்று சொல்லச் சொல்லி நண்பர் முழங்கையால் இடித்தார். மணியம் முருகன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அகப்பையால் சரோஜாவைக் காட்டினார்.

"பினி சாயா."

என் மனைவி. அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மெடலை அவரே வாங்கியதுபோல் இருந்தது.

நான் மைத்துனன் என்று நானும் சொல்லிவிட்டேன். மார்ஷல் பெண் பாவம், சங்கடப்பட்டாள். மற்றவர்கள் குடிக்கலாம், மனைவியும் மைத்துனரும் தொட்டால் ஓட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று தணிந்த குரலில் சொன்னாள். மணியத்தின் கையில் நிரம்பிய கப். நீட்டவும் முடியவில்லை, கீழே வைக்கவும் தோன்றவில்லை. சரோஜா அந்தக் கப்பைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"போய்ட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அப்போது மார்ஷல், போனைப் பார்த்தபடி யாருக்கோ சொல்வதுபோல் மலாயில் சத்தமாகச் சொன்னாள். ஓடுகிறவருக்கு ஓடுகிறவர் கொடுத்தால் தப்பில்லை லா.

எனக்கு உறைக்கவில்லை. எங்களுக்கு முன்பே இறங்கி வந்து பந்தலில் நின்ற சீன அங்கிளுக்கு உறைத்துவிட்டது. ஏற்கெனவே மூன்று கப் குடித்து முடித்தவர், தன் இரண்டு பாட்டில்களையும் மணியத்திடம் நீட்டினார். மணியம், இவருக்கு எவ்வளவு தாகம் என்று நினைத்துக்கொண்டு விளிம்புவரை ஊற்றினார். அடுத்த வளைவு தாண்டியதும், மரங்களின் மறைவில், அங்கிள் ஒரு பாட்டிலை அப்படியே சரோஜாவின் கையில் வைத்தார். "சாபூன்" என்றார். காலையில் கொடுத்த சோப்புக்காம்.

இஞ்சி தட்டிப் போட்ட மோர். உப்புக் கரித்தது. வெயிலில் வற்றிய உடம்புக்கு வேறென்ன வேண்டும்? சரோஜா பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் தந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் மறுபடி ஓட ஆரம்பித்தாள். பிறகு அவளைப் பிடிப்பதே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

ஆறு மணிக்கு முன்பே வந்து சேர்ந்தோம். மெடலைக் கழுத்தில் போட்டபோது அவள் அழவில்லை. நான்தான் மூக்கைச் சிந்தினேன்... வயசாகிவிட்டது.

மணியம் எங்களுக்கு முன்பே அங்கே வந்து நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு மோர்த் தூக்கு. பந்தலில் கடைசிவரை அவர் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்று நண்பர் என் காதில் சொன்னார். பெண்டாட்டி வறண்ட தொண்டையோடு போனதாகத்தானே அவருக்குத் தெரியும்?

"இப்பக் குடிக்கலாம்ல?" என்று கேட்டு ஊற்றிக் கொடுத்தார். சரோஜா ஒரு மடக்குக் குடித்தாள்.

"இதுலயும் உப்புக் கூடத்தான்."

"இதுலயுமா?"

"அந்த அங்கிள் பாட்டில்ல இருந்ததும் இதே மாதிரிதான் கரிச்சிச்சு."

மணியம் அவளைப் பார்த்தார். தூரத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்த அங்கிளைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த கப்பை வாங்கி, மீதியை ஒரே மடக்கில் குடித்தார்.

உப்பு அதிகம் என்று பெண்டாட்டி சொன்னதும் முகம் மலர்ந்த மனுஷனை அன்றைக்குத்தான் பார்த்தேன்!